இரண்டாம் இடத்தில் யாருமில்லை

ஏழு அதிபர் தேர்தல்கள். அதில் ஐந்து, காலக்கெடுவுக்கு முன்பே நடந்தவை. கஜகஸ்தானில் தேதி குறிப்பவர் தோற்றதே இல்லை.

2011 ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை. கஜகஸ்தான் அதிபர் தேர்தலில் நின்ற நால்வரில் ஒருவரான மெல்ஸ் யெலியூசிஸோவ் ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தார். சுற்றுச்சூழல் ஆர்வலர் அவர். மெல்ஸ் என்பது சோவியத் காலத்துப் பெயர். மார்க்ஸ், எங்கெல்ஸ், லெனின், ஸ்டாலின் ஆகிய நால்வரின் முதலெழுத்துகளைக் கோத்து உண்டாக்கியது. யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று நிருபர்கள் கேட்டார்கள். எந்த ஊரிலும் வேட்பாளரிடம் யாரும் கேட்காத கேள்வி. அவர் சொன்ன பதிலோ, எந்த வேட்பாளரும் சொல்லாத பதில். நூர்சுல்தான் நஸர்பாயேவுக்குப் போட்டேன் என்றார். யாரை எதிர்த்து நின்றாரோ, அவருக்கே.

எண்ணி முடித்தபோது நஸர்பாயேவுக்கு 95.55 சதவீதம். மெல்ஸுக்கு 1.15. தன் ஓட்டையே எதிராளிக்குக் கொடுத்தவருக்கு அதுவே அதிகம்தான்.

அந்தத் தேர்தல் 2012 டிசம்பரில் நடக்க வேண்டியது. 20 மாதம் முன்னதாகவே நடத்தி முடித்தார்கள். பொதுவாக ஆட்சியிலிருப்பவர் முன்கூட்டித் தேர்தல் வைக்கிறார் என்றால், அது துணிந்து ஆடும் ஆட்டம். காற்று நம் பக்கம் வீசும்போதே தூற்றிக்கொள்ளலாம் என்ற கணக்கு. காற்று திரும்பிவிட்டால் முதலுக்கே மோசம். எதிர்க்கட்சியே இல்லாத நாட்டில் இந்த ஆட்டத்துக்கு என்ன வேலை? எப்போது வைத்தாலும் ஜெயிக்கப்போகிறவர் ஏன் அவசரப்பட வேண்டும்? கஜகஸ்தானின் 30 ஆண்டுத் தேர்தல் வரலாறு முழுக்க இந்தக் கேள்விக்கான பதில்தான்.

அறுபது நாள்

பரப்பளவில் உலகின் ஒன்பதாவது பெரிய நாடு. மக்கள்தொகை இரண்டு கோடி. காஸ்பியன் கரையில் எண்ணெய். உலகின் யுரேனிய உற்பத்தியில் ஏறத்தாழ 40 சதவீதம். 1991 டிசம்பர் 16-ஆம் தேதி, சோவியத் ஒன்றியத்திலிருந்து கடைசியாக விடுதலை அறிவித்த குடியரசு அது. அதற்கு இரண்டு வாரம் முன்பே, டிசம்பர் 1-ஆம் தேதி, முதல் அதிபர் தேர்தல் நடந்துவிட்டது. வேட்பாளர் ஒரே ஒருவர், நஸர்பாயேவ். கிடைத்தது 98 சதவீதத்துக்கும் மேல்.

அதன் பிறகு 1999, 2005, 2011, 2015, 2019, 2022 என ஆறு அதிபர் தேர்தல்கள். இவற்றில் 2005-ஐத் தவிர ஐந்தும் உரிய காலத்துக்கு முன்பே வந்தவை. அந்த 2005 தேர்தலையும் எந்த ஆண்டில் வைப்பது என்று குழப்பம் எழுந்து, அரசியல் சாசன மன்றம்தான் தேதியைத் தீர்த்து வைத்தது.

கடைசி நான்கு தேர்தல்களின் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு தாளம் தெரியும். 2011-இல் பிப்ரவரி 4 அறிவிப்பு, ஏப்ரல் 3 தேர்தல். 2015-இல் பிப்ரவரி 25 அறிவிப்பு, ஏப்ரல் 26 தேர்தல். 2019-இல் ஏப்ரல் 9 அறிவிப்பு, ஜூன் 9 தேர்தல். 2022-இல் செப்டம்பர் 21 ஆணை, நவம்பர் 20 தேர்தல். நான்கு முறையும் ஏறக்குறைய அறுபது நாள்.

இந்த அறுபது நாளுக்குள் எதிர்த்து நிற்க நினைப்பவர் என்னென்ன செய்ய வேண்டும்? முதலில், பதிவுபெற்ற கட்சியோ அமைப்போ அவரை முன்மொழிய வேண்டும். சுயேச்சையாக மனுப்போடும் வழி 2017-இல் அடைக்கப்பட்டது. மொத்த வாக்காளர்களில் ஒரு சதவீதத்தினரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்; அது ஒரு லட்சத்துக்கும் மேல். அதையும் ஒரே வட்டாரத்தில் திரட்டினால் செல்லாது, நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு மாகாணங்களிலிருந்தாவது வர வேண்டும். குறைந்தபட்ச மாத ஊதியத்தைப் போல் 50 மடங்கு டெபாசிட். 40 வயது நிரம்பியிருக்க வேண்டும், கடைசி 15 ஆண்டுகள் நாட்டிலேயே வசித்திருக்க வேண்டும். அரசுப் பணியிலோ தேர்ந்தெடுக்கப்பட்ட பதவியிலோ ஐந்து ஆண்டு இருந்திருக்க வேண்டும். வெளிநாட்டில் தஞ்சமடைந்த எதிர்ப்பாளர் 15 ஆண்டு நிபந்தனையிலேயே விழுந்துவிடுவார். அரசு வாசற்படியே மிதிக்காத இளைஞர் இயக்கத்தவர் ஐந்து ஆண்டு நிபந்தனையில் விழுவார்.

பிறகு மொழித் தேர்வு. கஜக் மொழியில் எழுதிக் காட்டி, படித்துக் காட்டி, பேசிக் காட்ட வேண்டும். ஒரு குழு உட்கார்ந்து மதிப்பிடும். ரஷ்ய மொழியிலேயே படித்து வளர்ந்தவர்கள் நிறைந்த நாட்டில் இது சாதாரண வடிகட்டி இல்லை. 2011-இல் மனுச் செய்தவர்களில் பலர் இந்தத் தேர்விலேயே நின்றுபோனார்கள்.

இவ்வளவையும் தாண்டியவருக்குப் பிரசாரத்துக்கு மிச்சமிருப்பது ஏறக்குறைய நான்கு வாரம். 2022-இல் அக்டோபர் 21 முதல் நவம்பர் 18 வரை. பாலைவனமும் புல்வெளியுமாகப் பரந்துகிடக்கும் 27 லட்சம் சதுர கிலோமீட்டரை நான்கு வாரத்தில் சுற்றிவர வேண்டும். அதிபருக்கு அந்தக் கவலை இல்லை. தேர்தல் எப்போது என்பது அவருக்கு முன்பே தெரியும்.

மக்கள் கேட்கிறார்கள்

முன்கூட்டிய தேர்தல் எதுவும் நஸர்பாயேவின் ஆசையாகத் தொடங்கியதில்லை. ஒவ்வொரு முறையும் வேறு யாராவது ஏதாவது கேட்டுத் தொடங்கிவைப்பார்கள்; அவர் இசைந்து கொடுப்பார்.

1995-இல் தேர்தலுக்குப் பதிலாகப் பொதுவாக்கெடுப்பு நடத்தி, பதவிக்காலத்தை 2000 வரை நீட்டிக்கொண்டார்கள். அந்தக் கெடு முடியும் முன்பே, 1998 அக்டோபரில், நாடாளுமன்றம் முன்கூட்டிய தேர்தல் யோசனையைக் கொண்டுவந்தது. கூடவே அரசியல் சாசனமும் திருத்தப்பட்டது. பதவிக்காலம் ஐந்திலிருந்து ஏழு ஆண்டானது. அதிபருக்கு 65 வயதுக்கு மேல் ஆகக்கூடாது என்ற வரம்பும் போனது. 1999 ஜனவரி 10-இல், நடுக்குளிரில், தேர்தல். நஸர்பாயேவுக்கு ஏறக்குறைய 80 சதவீதம்.

2010-இல் கதை இன்னும் சுவாரசியம். ஐரோப்பியப் பாதுகாப்பு மற்றும் ஒத்துழைப்பு அமைப்பின் தலைமைப் பொறுப்பு அந்த ஆண்டு கஜகஸ்தானிடம் இருந்தது. உறுப்பு நாடுகளின் தேர்தல்களுக்குப் பார்வையாளர்களை அனுப்புவதும், குறைகளைப் பட்டியலிடுவதும் அந்த அமைப்பின் வேலைகளில் ஒன்று. டிசம்பர் தொடக்கத்தில் அஸ்தானாவில் உச்சிமாநாடு முடிந்து விருந்தினர்கள் ஊர் திரும்பினார்கள். அந்த மாதம் முடிவதற்குள் கிழக்கே ஒஸ்கெமென் நகரிலிருந்து ஒரு கோரிக்கை கிளம்பியது: தேர்தலே வேண்டாம், பொதுவாக்கெடுப்பு வைத்து அதிபரின் காலத்தை 2020 வரை நீட்டிவிடலாம். சில வாரங்களில் 50 லட்சத்துக்கும் மேல் கையெழுத்துகள். நாட்டின் மொத்த வாக்காளர்கள் ஏறக்குறைய 90 லட்சம் என்பதை நினைவில் வைத்தால் அந்த வேகம் புரியும்.

அமெரிக்காவும் ஐரோப்பாவும் முகம் சுளித்தன. 2011 ஜனவரி 31-இல் அரசியல் சாசன மன்றம் அந்த யோசனையை நிராகரித்தது. நஸர்பாயேவ் தீர்ப்புக்குத் தலைவணங்கினார். அன்றே மாற்று யோசனையும் சொன்னார், முன்கூட்டிய தேர்தல். 2020 வரை நீட்டிப்பு கேட்டவர் ஐந்தாண்டோடு திருப்தியடைந்தார் என்று வெளியுலகம் பெருமூச்சு விட்டது. எதிர்க்கட்சிகளுக்குக் கையில் மிஞ்சியது அந்த அறுபது நாள்.

2015-இல் கோரிக்கை வைத்தது கஜகஸ்தான் மக்கள் பேரவை. பல்வேறு இனக் குழுக்களின் பிரதிநிதிகளைக் கொண்ட அமைப்பு அது, தலைவர், நஸர்பாயேவ். அவர் தலைமையிலான அமைப்பு அவரிடம் கேட்டது, அவர் ஒப்புக்கொண்டார். முடிவு 97.75 சதவீதம்; வாக்குப்பதிவு 95.22. வெற்றிக்குப் பின் செய்தியாளர்களைச் சந்தித்தவர், அதிதீவிர ஜனநாயக நாடுகளுக்கு இந்த எண்கள் ஏற்கமுடியாதவையாக இருந்தால் மன்னிக்க வேண்டும் என்ற பொருளில் பேசினார். தலையிட்டுக் குறைத்திருந்தால் அது ஜனநாயக விரோதமாகிவிடுமே என்றும் சேர்த்துக்கொண்டார்.

நாணயம் சரிவதற்கு முன்

எண்களை விட்டுவிட்டு நாட்காட்டியைப் பார்த்தால் அவசரத்தின் காரணம் கொஞ்சம் புலப்படும்.

1998 ஆகஸ்டில் ரஷ்யப் பொருளாதாரம் குப்புற விழுந்தது. ரூபிள் சரிந்ததால் பக்கத்து கஜகஸ்தானின் தெங்கே நாணயமும் தாக்குப்பிடிக்காது என்பது கணக்குத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அரசு பல்லைக் கடித்துக்கொண்டு மதிப்பைப் பிடித்து வைத்திருந்தது. ஜனவரியில் தேர்தல் முடிந்தது. ஏப்ரலில் பிடியை விட்டார்கள். தெங்கே மளமளவென்று இறங்கியது.

2014-இன் நடுவில் 100 டாலருக்கு மேல் விற்ற ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய், 2015 ஜனவரியில் 50 டாலருக்கும் கீழே. எண்ணெயை நம்பிய நாட்டுக்கு இதைவிடக் கெட்ட செய்தி கிடையாது. பிப்ரவரியில் மக்கள் பேரவைக்குத் தேர்தல் ஆசை வந்தது. ஏப்ரலில் 97.75 சதவீதம் வந்தது. ஆகஸ்ட் 20-இல் தெங்கேயை மிதக்க விட்டார்கள். ஒரே நாளில் மதிப்பில் ஏறத்தாழ கால் பங்கு கரைந்தது. காலையில் எழுந்த சம்பளக்காரரின் சேமிப்பு மாலைக்குள் சுருங்கிவிட்டது. கோபப்பட்டு என்ன செய்வது? அடுத்த தேர்தல் ஐந்து ஆண்டு தள்ளி.

போட்டி இல்லாவிட்டாலும் முன்கூட்டிய தேர்தலால் கிடைக்கும் ஆதாயம் இதுதான். நஸர்பாயேவ் பயந்தது எதிர்வேட்பாளருக்கு இல்லை, கெட்ட காலத்துக்கு. விலைவாசி ஏறி, வேலை போய், ஜனங்கள் தெருவில் நிற்கும் நேரத்தில் தேர்தலும் வந்து சேர்ந்தால், தலைவனில்லாத கோபத்துக்குக்கூட ஒரு தேதியும் ஒரு மேடையும் கிடைத்துவிடும். அந்தச் சந்திப்பு நிகழாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் முன்கூட்டிய தேர்தல்.

ஆலையில்லா ஊர்

எதிர்க்கட்சி இல்லை என்று ஒரு வரியில் சொல்வது எளிது. அது இல்லாமல் போனதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1999 தேர்தலில் நிஜமான போட்டியாக வந்திருக்கக்கூடியவர் அகெஜான் கஜெகெல்தின், முன்னாள் பிரதமர். பதிவுபெறாத ஓர் இயக்கத்தின் கூட்டத்தில் கலந்துகொண்டதாகச் சொல்லி அவருக்கு நிர்வாகத் தண்டனை விதித்தார்கள். அப்படித் தண்டனை பெற்றவர் ஓராண்டுக்குள் தேர்தலில் நிற்க முடியாது என்ற விதி தேர்தலுக்கு முந்தைய ஆண்டுதான் சட்டத்தில் நுழைந்திருந்தது. கஜெகெல்தின் நாட்டைவிட்டு வெளியேறினார்.

2001 நவம்பரில் இளம் அமைச்சர்களும் தொழிலதிபர்களும் சேர்ந்து ‘கஜகஸ்தானின் ஜனநாயகத் தேர்வு’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே அதன் தலைவர்களான முக்தார் அப்லியாஸோவும் கலிம்ஜான் ஜாகியானோவும் சிறையில். அதே 2002-இல் புதிய கட்சிச் சட்டம் வந்தது. அதுவரை 3,000 உறுப்பினர் இருந்தால் கட்சியைப் பதிவு செய்யலாம். இனி 50,000 பேர் வேண்டும். 2009-இல் 40,000, 2020-இல் 20,000, 2022-இல் 5,000 என்று பின்னர் இறங்கி வந்தது. 20 ஆண்டு கழித்து, தொடங்கிய இடத்துக்குப் பக்கத்தில்.

2005 தேர்தலுக்கு மூன்று வாரம் முன்பு, அதிபரை வெளிப்படையாக விமர்சித்து வந்த அல்மாட்டி முன்னாள் மேயர் ஜமான்பெக் நுர்காதிலோவ் தன் வீட்டில் இறந்துகிடந்தார். மார்பில் இரண்டு குண்டு, தலையில் ஒன்று. தற்கொலை என்றது அதிகாரபூர்வ முடிவு. தேர்தல் முடிந்த இரண்டே மாதத்தில், 2006 பிப்ரவரியில், எதிர்க்கட்சித் தலைவர்களில் ஒருவரான அல்டின்பெக் சர்சென்பாயேவ் தன் ஓட்டுநருடனும் மெய்க்காவலருடனும் சுட்டுக் கொல்லப்பட்டார்.

2007-இல் முதல் அதிபருக்கு மட்டும் இரண்டு தவணை வரம்பு பொருந்தாது என்று சாசனம் திருத்தப்பட்டது. அந்த ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் போட்டிக்கு விடப்பட்ட 98 இடங்களையும் ஆளும் நூர் ஒதான் கட்சியே எடுத்துக்கொண்டது. 2011 டிசம்பர் 16-இல், விடுதலையின் 20-ஆம் ஆண்டு நாளன்று, எண்ணெய் நகரமான ஜனவ்ஜெனில் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்துவந்த தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டது. பத்துப் பேருக்கும் மேல் இறந்தார்கள். அந்தக் கலவரத்தைத் தூண்டினார் என்று ‘அல்கா’ கட்சியின் விளாதிமிர் கொஸ்லோவுக்கு ஏழரை ஆண்டு சிறை. கட்சிக்கும் தடை.

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். இப்படிக் களை எடுத்த களத்தில் வேட்பாளர் பட்டியலை நிரப்ப வந்தவர்கள் அந்த இலுப்பைப்பூக்கள். 2015-இல் நஸர்பாயேவை எதிர்த்தவர்கள் இருவர். ஒருவர் 1.61 சதவீதமும், மற்றவர் 0.64 சதவீதமும் பெற்றார்கள். யாருமே நிற்காவிட்டால் அது தேர்தலாகத் தெரியாது; யாராவது நிஜமாகவே நின்றுவிட்டால் அது தேர்தலாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஆள் தேடுவது தனிக் கலை.

கொழும்பில் தப்பிய கணக்கு

தேதி குறித்தவர் எப்போதும் ஜெயிப்பார் என்று உலக விதி எதுவும் இல்லை. அஸ்தானாவில் 97.75 சதவீதம் விழுந்த அதே 2015-இன் ஜனவரியில், இலங்கையிலும் ஒரு முன்கூட்டிய அதிபர் தேர்தல் நடந்தது. மகிந்த ராஜபக்சவுக்கு இன்னும் இரண்டு ஆண்டு பதவிக்காலம் மிச்சம் இருந்தது. தவணை வரம்பைச் சட்டத் திருத்தத்தால் நீக்கியாயிற்று, எதிர்க்கட்சி சிதறிக் கிடக்கிறது, ஜோதிடரும் நல்ல நேரம் சொல்லியிருக்கிறார். 2014 நவம்பர் 20-இல் அறிவிப்பில் கையெழுத்திட்டார். மறுநாளே அவருடைய கட்சியின் பொதுச்செயலாளரும் சுகாதார அமைச்சருமான மைத்திரிபால சிறிசேன எதிரணியின் பொது வேட்பாளராக எழுந்து நின்றார். முந்தைய இரவு இருவரும் ஒன்றாக அமர்ந்து ஆப்பம் சாப்பிட்டது இலங்கை அரசியலில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. வடக்கு, கிழக்கின் தமிழ், முஸ்லிம் வாக்குகள் மகிந்தவுக்கு எதிராகத் திரண்டன. சிறிசேனவுக்கு 51.28, ராஜபக்சவுக்கு 47.58.

கொழும்பில் இருந்து அஸ்தானாவில் இல்லாதது என்ன என்று பார்த்தால் விஷயம் விளங்கும். கட்சியை விட்டு வெளியே வந்தவர் வேட்பாளராக முடிந்தது. அவரைத் தாங்க ஏற்கெனவே பதிவுபெற்ற கட்சிகள் இருந்தன. வாக்குச்சாவடிகளில் இரு தரப்புக்கும் முகவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தேர்தல் ஆணையர் எண்ணி அறிவித்தார். கஜகஸ்தானில் ஆளும் வட்டத்திலிருந்து வெளியே வந்தவர்கள் கஜெகெல்தினும் நுர்காதிலோவும் சர்சென்பாயேவும். அவர்கள் கதை மேலே சொன்னதுதான்.

வெற்றுத்தாள்

2019 மார்ச் 19 மாலை. தொலைக்காட்சியில் தோன்றிய நஸர்பாயேவ் பதவி விலகுவதாக அறிவித்தார். மறுநாள் செனட் தலைவர் காசிம் ஜோமார்ட் டோகாயேவ் அதிபராகப் பதவியேற்றார். சீன மொழி தெரிந்த ராஜதந்திரி, ஜெனீவாவில் ஐ.நா. அலுவலகத்தின் தலைவராக இருந்தவர். அப்பா துப்பறியும் கதை எழுத்தாளர். புதிய அதிபர் பதவியேற்பு உரையிலேயே முன்வைத்த யோசனை: தலைநகர் அஸ்தானாவுக்கு முதல் அதிபரின் பெயரைச் சூட்டுவோம். நகரம் நூர்சுல்தான் ஆனது. செனட் தலைவர் பதவி நஸர்பாயேவின் மகள் தரிகாவுக்குப் போனது. பாதுகாப்புக் கவுன்சில் தலைமை நஸர்பாயேவிடமே இருந்தது.

டோகாயேவுக்கு அடுத்த ஆண்டு வரை அவகாசம் இருந்தும், மூன்று வாரத்தில் தேர்தலை அறிவித்தார். ஆனால் இந்த முறை அறுபது நாள் அமைதியாகக் கழியவில்லை. ஏப்ரல் 21-இல் அல்மாட்டி மராத்தான் ஓட்டப் பாதையோரம் இரண்டு இளம் ஆர்வலர்கள் ஒரு பதாகையைப் பிடித்தார்கள்: உண்மையிலிருந்து ஓடித் தப்ப முடியாது. 15 நாள் காவல். மே மாதம் மேற்கே ஒரல் நகரின் சதுக்கத்தில் ஓர் இளைஞர் எதுவுமே எழுதாத வெள்ளைத்தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார். இதற்கும் பிடிப்பார்களா என்று பார்க்கத்தான் வந்தார். பிடித்தார்கள். என்ன குற்றம் என்று எழுதுவதில் போலீசுக்கே சிக்கல் வந்ததில் வியப்பில்லை. ஜூன் தொடக்கத்தில் ‘ஒயான், கஜகஸ்தான்’ (விழித்தெழு, கஜகஸ்தான்) என்ற இளைஞர் இயக்கம் பிறந்தது.

ஜூன் 9-இல் ஒரு பக்கம் ஓட்டுப்பதிவு, மறுபக்கம் நகரச் சதுக்கங்களில் ஆர்ப்பாட்டம். அன்று மட்டும் சுமார் 500 பேரைப் பிடித்தது போலீஸ். டோகாயேவுக்கு 70.96 சதவீதம். எதிர்ப்பாளர் என்று அறியப்பட்ட அமிர்ஜான் கொசானோவுக்கு 16.23, கஜகஸ்தான் கணக்கில் அது மலை. ஆனால் அவரோ கையோடு தோல்வியை ஒப்புக்கொண்டார். கண் முன்னே ஆதரவாளர்களைப் போலீஸ் வண்டியில் ஏற்றும் நேரத்தில் இப்படியா என்று அவருக்கு ஓட்டுப் போட்டவர்களே கொதித்தார்கள்.

இரண்டு ஐந்தும் ஒரு ஏழும், ஒரே விடை

2022 ஜனவரி 2. அதே ஜனவ்ஜென். வண்டிகளுக்குப் போடும் எரிவாயு லிட்டருக்கு 60 தெங்கேயிலிருந்து 120 ஆனதும் மக்கள் சாலைக்கு வந்தார்கள். மூன்று நாளில் அது நாடு முழுக்கப் பரவியது. ‘ஷால், கெத்!’ என்று கத்தினார்கள்: கிழவா, போ! தல்திகொர்கானில் நஸர்பாயேவ் சிலை கீழே இழுக்கப்பட்டது. அல்மாட்டியில் மாநகராட்சிக் கட்டடம் எரிந்தது. ரஷ்யா தலைமையிலான கூட்டுப் படைகள் வந்திறங்கின. எச்சரிக்காமல் சுடச் சொல்லியிருக்கிறேன் என்று டோகாயேவ் தொலைக்காட்சியில் அறிவித்தார். அரசின் கணக்கிலேயே 238 பேர் இறந்தார்கள். ‘ரத்த ஜனவரி’ என்று அந்த மாதத்துக்குப் பெயர்.

அந்தக் கலவரத்துக்கு நடுவில்தான் டோகாயேவ் நிஜமாக அதிபரானார். பாதுகாப்புக் கவுன்சில் தலைமை நஸர்பாயேவிடமிருந்து பறிபோனது. ஜூன் 5 பொதுவாக்கெடுப்பில் ‘முதல் அதிபர்’ என்ற தனிச் சலுகைகள் சாசனத்திலிருந்து நீங்கின. செப்டம்பரில் தலைநகர் மறுபடி அஸ்தானா. அக்மோலின்ஸ்க், செலினோகிராத், அக்மோலா, அஸ்தானா, நூர்சுல்தான், அஸ்தானா என்று ஒரே ஊர், ஒரு மனித ஆயுளுக்குள் இத்தனை பெயர் பார்த்துவிட்டது. நகரின் அடையாளமான பைத்தெரெக் கோபுரத்தில், 97 மீட்டர் உயரத்தில், நஸர்பாயேவின் உள்ளங்கைத் தடம் தங்கத்தில் பதிந்திருக்கிறது. அதில் கை வைத்துப் படமெடுத்துக்கொள்ள வரிசையில் நின்றார்கள் சுற்றுலாப் பயணிகள்.

செப்டம்பர் 1-இல் டோகாயேவ் தன் திட்டத்தைச் சொன்னார். அதிபருக்கு இனி ஏழு ஆண்டு, ஒரே ஒரு தவணை. மறுபடி நிற்க முடியாது. அந்தப் புதிய தவணைக்கு உடனே தேர்தல். அதிகாரத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும் தலைவர் என்று பாராட்டும் கிடைத்தது. பழைய விதிப்படி கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: 2019-இலிருந்து ஐந்து ஆண்டு, 2024 வரை, மீண்டும் ஜெயித்தால் இன்னொரு ஐந்து, 2029 வரை. புதிய விதிப்படி 2022-இலிருந்து ஏழு ஆண்டு. அதுவும் 2029. விடை மாறவில்லை. நடுவில் 2024-இல் ஒரு தேர்தலைச் சந்திக்க வேண்டிய தொல்லை மட்டும் நீங்கியது. உக்ரைன் போரால் விலைவாசி எகிறிக்கொண்டிருந்த நேரம். ஜனவரிக் காயம் ஆறாத நேரம். புதிய கட்சிகள் இன்னும் பதிவாகாத நேரம். பதிவுக்கு முயன்ற ஜனநாயகக் கட்சியின் ஜன்போலாத் மாமாய் அப்போது வழக்கில் சிக்கியிருந்தார்.

அக்கம்பக்கம்

இந்தச் சூத்திரம் கஜகஸ்தானோடு நிற்கவில்லை. துர்க்மெனிஸ்தானில் 2022 பிப்ரவரியில் இளைஞர்களுக்கு வழிவிடுவதாகச் சொன்ன அதிபர் குர்பான்குலி பெர்திமுகமெதோவ், அடுத்த மாதமே முன்கூட்டிய தேர்தல் நடத்தினார்; அவர் வழிவிட்ட இளைஞர், 40 வயது மகன் செர்தார். உஸ்பெகிஸ்தானில் 2023 ஏப்ரலில் புதிய சாசனம் பதவிக்காலத்தை ஏழு ஆண்டாக்கியது. ஜூலையில் முன்கூட்டிய தேர்தல், அதிபர் மிர்ஸியோயேவுக்கு 87 சதவீதம். அஜர்பைஜானில் 2025-இல் வரவேண்டிய தேர்தலை அதிபர் இல்ஹாம் அலியேவ் 2024 பிப்ரவரிக்கு இழுத்தார். முந்தைய செப்டம்பரில்தான் சண்டைக்குரிய கராபாக் பகுதி முழுதும் அவர் கைக்கு வந்திருந்தது. ஓட்டையும் அங்கே போய்த்தான் போட்டார். 92.12 சதவீதம். முக்கிய எதிர்க்கட்சிகள் புறக்கணித்தன. அறிவிப்புக்கும் தேர்தலுக்கும் இடையே அங்கேயும் இரண்டு மாதம்தான்.

அல்மாட்டி வீட்டிலேயே இருந்தது

2022 நவம்பர் 20. ஆறு வேட்பாளர்கள், அதில் இரண்டு பெண்கள். ஒருவர் பெயர் ஜிகுலி தாய்ராபாயேவ்; சோவியத் காலத்துக் காரின் அதே பெயர். ஓட்டுச்சீட்டில் ஏழாவதாக ஒரு கட்டம் இருந்தது: ‘எல்லோருக்கும் எதிராக’. நம் ஊர் நோட்டா மாதிரி. 2004-இல் எடுத்துவிட்டு, 2021-இல் மறுபடி சேர்த்தது.

டோகாயேவுக்கு 81.31 சதவீதம். மூன்றாம் இடம் ஜிகுலிக்கு, 3.42. இரண்டாம் இடத்தில் எந்த மனிதரும் இல்லை. ‘எல்லோருக்கும் எதிராக’ என்ற அந்தக் கட்டம் 5.8 சதவீதம் வாங்கியிருந்தது. நான்கரை லட்சம் பேருக்கு மேல் சாவடி வரை நடந்து போய், சீட்டு வாங்கி, யாரும் வேண்டாம் என்று குறியிட்டுவிட்டு வந்திருந்தார்கள். தாளில் எழுத இந்த முறை அனுமதி இருந்தது.

அதைவிடப் பெரிய எண் ஒன்று வாக்குப்பதிவுப் பட்டியலில் இருந்தது. நாடு முழுக்க 69.44 சதவீதம் ஓட்டுப் போட்டதாக அறிவித்தார்கள். நாட்டின் மிகப் பெரிய நகரம் அல்மாட்டி; இருபது லட்சம் பேர் வாழும் ஊர்; எம்.பி.பி.எஸ். படிக்க இந்திய மாணவர்கள் போகும் ஊர். ஜனவரியில் அதிகம் எரிந்ததும் அதிகம் பேர் செத்ததும் அங்கேதான். அந்த அல்மாட்டியில் பதிவானது 28.72 சதவீதம். பத்தில் ஏழு பேர் வரவில்லை. ஜூன் மாதப் பொதுவாக்கெடுப்பில் மூன்றில் ஒருவராவது வந்திருந்தார்கள்.

டோகாயேவ் ஏழாண்டுக்குப் பதவியேற்றார். 2024 அக்டோபரில் அணு மின் நிலையம் கட்டலாமா என்று இன்னொரு பொதுவாக்கெடுப்பு வைத்தார்கள். 71 சதவீதம் ஆம் என்றது. அன்று அல்மாட்டியில் வாக்களித்தவர்கள் நான்கில் ஒருவர்.